உருக்காலைத் தீவுகளில் ஓவியமும் ஊரும்

ஜப்பானின் செத்தோ உள்கடல் தீவுகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணி. நவோஷிமாவின் சிறிய படகுத்துறை முனையில் கறுப்புப் புள்ளிகளோடு அமர்ந்திருக்கும் அந்தச் சிற்பம் 1994இல் வந்தது. 2021 ஆகஸ்டில் புயல் அதைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. மறு ஆண்டு புதிதாகச் செய்து வைத்தார்கள். படமெடுக்க அழகான பொருள்தான். ஆனால் கலை இத்தீவுகளுக்கு என்ன செய்தது என்று அறிய, செம்பு உருக்காலைப் பக்கம் போக வேண்டும்.

நவோஷிமாவின் வடகோடியில் மித்சுபிஷி 1917இல் உருக்காலை தொடங்கியது. ஊருக்குச் சோறு போட்டது அந்த ஆலை. சரிவுகளில் நின்ற மரங்களைக் கருக்கியதும் அதன் புகைதான். 1909இல் இனுஜிமா தீவில் தொடங்கிய ஆலை, செம்பு விலை சரிந்ததில் பத்தே ஆண்டில் மூடப்பட்டது. பிறகு எல்லாத் தீவுகளிலும் ஒரே கதை: இளையவர்கள் பெருநகரம் தேடிப் போனார்கள், பூட்டிய வீடுகள் பெருகின. 1985இல் நவோஷிமா மேயர் சிகாத்சுகு மியாகேயும் ஓகயாமா பதிப்பாளர் தெத்சுஹிகோ ஃபுகுதாகேயும் தீவின் தென்பகுதியைப் பண்பாட்டுக்கென வளர்ப்பது என்று பேசி முடித்தார்கள். மறு ஆண்டே பதிப்பாளர் காலமாக, மகன் சோய்சிரோ பொறுப்பேற்றார். கட்டடக் கலைஞர் தடாவ் ஆண்டோ துணைநிற்க, 1989இல் முகாம் திடல் திறந்தது. 1992இல் அருங்காட்சியகமும் தங்கும் விடுதியுமான பெனெஸ்ஸே ஹவுஸ். 2004இல், மோனேயின் அல்லிக்குள ஓவியங்களைப் பகல் வெளிச்சத்திலேயே காட்டும் நிலத்தடி அருங்காட்சியகம் சிச்சூ.

கட்டடங்களாக இவை உன்னதமானவை. ஆனாலும் முதல் சில ஆண்டுகள் கலை தென்மலையில் இருந்தது, மக்கள் ஹொன்முரா, மியானோவுரா தெருக்களில் இருந்தார்கள். இடைவெளி குறைந்தது 1998இல்தான் என்பது என் கருத்து. அந்த ஆண்டு ஹொன்முராவில் இருநூறாண்டுப் பழமையான கதோயா வீட்டைச் செப்பனிட்டார்கள். கருக்கிய தேவதாருப் பலகைச் சுவர், சாந்துப் பூச்சு, ஓடு என்று பழைய முறையிலேயே வேலை நடந்தது. உள்ளே இருண்ட அறை, தரை முழுதும் ஆழமில்லாத நீர். நீருக்கடியில் கலைஞர் தத்சுவோ மியாஜிமா அமைத்த 125 மின்னணு எண்காட்டிகள் ஒன்று முதல் ஒன்பது வரை மாறிமாறி ஒளிர்கின்றன. எந்த எண் எந்த வேகத்தில் ஓடுவது என்று முடிவுசெய்தவர்கள் ஊர்க்காரர்கள்: ஐந்து வயதுக் குழந்தை முதல் தொண்ணூற்றைந்து வயது முதியவர் வரை 125 பேர். சில எண்கள் பதறி ஓடுகின்றன, சில மாறவே தயங்குகின்றன. அதன்பின் ஓர் ஊர்க்காரர் அந்த வீட்டுக்குள் நுழைந்தால், தன் எண் எங்கே என்று தேடுகிறார். பார்வையாளராக இருந்தவர் பங்காளியாகிவிட்டார். பல கோடி செலவிட்டு எழுப்பிய அரங்குகளைவிட இந்த ஒரு வீட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அண்டைத் தீவான தேஷிமாவின் கதை இன்னும் கசப்பானது. 1970களின் இறுதியிலிருந்து 1990 வரை அங்கே தொழிற்கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டினார்கள். ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2000இல்தான் ககாவா மாகாண ஆளுநர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், உடன்பாடு எட்டப்பட்டது. ஒன்பது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவும் மாசுற்ற மண்ணும் படகேறிப் போனது வேறெங்கும் அல்ல, நவோஷிமாவுக்குத்தான். அங்கே உருக்காலை வளாகத்தில் உருக்கிச் சுத்திகரித்தார்கள். கலைத்தீவு என்று உலகம் கொண்டாடிய ஆண்டுகளில் அது அண்டைத் தீவின் நஞ்சையும் வாங்கிக்கொண்டிருந்தது. பயண ஏடுகள் இதை எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

அதே தேஷிமாவில் 2010இல் கட்டடக் கலைஞர் ர்யூயே நிஷிசாவாவும் கலைஞர் ரெய் நாய்தோவும் அருங்காட்சியகமாகத் தூணில்லாத வெண் கான்கிரீட் கூடு ஒன்றை அமைத்தார்கள். தரையின் நுண்துளைகளில் நீர்த்துளி ஊறுகிறது, சரிவில் உருள்கிறது, வேறு துளியோடு கூடிச் சின்னக் குட்டையாகிறது. கூரையின் இரண்டு திறப்புகள் வழியே காற்றும் மழையும் உள்ளே வருகின்றன. சுற்றிலும் தரிசாகக் கிடந்த படிவயல்களை ஊர் மக்களும் சேர்ந்து மீட்டு, மறுபடி நெல் நட்டார்கள். நஞ்சு கொட்டிய தீவில் தூய நீர் ஊறுவதைக் காட்டும்போது அதற்கு விளக்கப் பலகை தேவையில்லை.

2010இலேயே செத்தோஉச்சி கலைவிழா தொடங்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழா, பொது இயக்குநர் ஃப்ராம் கிதாகாவா. முதல் முறை ஒன்பது லட்சத்துக்கும் மேல், 2019இல் ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் வருகைகள் பதிவாயின. நவோஷிமாவில் வாழ்பவர்களோ மூவாயிரம் பேர். சிறு படகுகளில் நெரிசல், சந்துகளில் கூட்டம், வயதானவர்களுக்கு அலுப்பு எல்லாம் உண்டு. மக்கள்தொகைச் சரிவும் நின்றுவிடவில்லை. இருந்தும் இருநூறு பேர்கூட இல்லாத ஒகிஜிமா தீவில், மாணவரின்றி மூடிய பள்ளி 2014இல் மீண்டும் திறந்தது. விழாவை ஒட்டி ஊர் திரும்பிய குடும்பங்கள் கேட்டு வாங்கிய பள்ளி அது. பன்னிரண்டு லட்சத்தை விட இதுவே எனக்குக் கணக்கு.

எல்லாவற்றிலும் கடினமான இடம் ஓஷிமா. 1909 முதல் அங்கே தொழுநோயாளிகளுக்கான காப்பகம் இருக்கிறது. கட்டாயத் தனிமைச் சட்டம் நீங்கியது 1996இல்தான். பலர் சொந்தப் பெயரையே விட்டுவிட்டு வாழ்ந்தார்கள்; இறந்தவர்களின் அஸ்தியும் தீவிலேயே தங்கியது. விழா இத்தீவையும் சேர்த்துக்கொண்டபோது, கரையில் கிடந்த கான்கிரீட் பிணப்பரிசோதனை மேடையைக் காட்சிக்கு வைத்தார்கள். காலி வரிசை வீடுகளில் கலைஞர் செய்ஸோ தஷிமா அங்கு வாழ்ந்தவர்களின் துயரத்தைக் காட்சியாக அமைத்தார். எஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் எண்பதைத் தாண்டிய முதியவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்த வீடுகளையும் அஸ்திக்கூடத்தையும் பராமரிக்கப்போவது யார் என்பதை விழாக்குழுவும் அரசும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர்களை வைத்துக்கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.