ஸ்பைடரைக் கீறிய கை

'இரத்தப் படலம்' (XIII) காமிக்ஸ் தொடருக்கு எழுத ஈவ் சென்தும் கீற யூரி ஜிகூனோவும் வந்து கன காலமாகிவிட்டது. 2011 இல் அவர்கள் பொறுப்பேற்றபோது தொடங்கிய சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. முதலில் எழுதிய வான் ஹாம் 2007 இல் முடித்து வைத்த கதையை எதற்குத் தோண்டினீர்கள் என்பது ஒரு கட்சி. ஜிகூனோவின் கட்டடங்களைப் பார், ஹெலிகொப்டரைப் பார், முன்பு கீறிய வில்லியம் வான்ஸ் இப்படிக் கீறினாரா என்பது மறு கட்சி. நான் முதற் கட்சிதான், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஜிகூனோவின் மனிதர்கள் ஓடும்போதும் படமெடுக்க நின்றவர்கள் மாதிரி இருக்கிறார்கள். வான்சின் ஆள் சும்மா சுவரில் சாய்ந்திருந்தாலும் இப்போதுதான் யாரிடமோ தப்பி வந்தவன் என்று தெரியும்.

அது கிடக்கட்டும். இந்தச் சண்டையில் எனக்கு உறுத்துவது வேறொன்று. எல்லோரும் பெயரைப் பார்த்த பிறகுதான் படத்தைப் பார்க்கிறார்கள். அட்டையில் புதுப் பெயர் என்றதும் கோபம் வந்துவிடுகிறது. அந்தக் கோபத்துக்குத் தோதான குறைகளைப் பிறகு உள்ளே தேடி எடுக்கிறார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் காமிக்ஸ் வாசித்தவர்களுக்கு அப்படிக் கோபிக்க வழியே இருக்கவில்லை. முத்து காமிக்ஸிலோ லயன் காமிக்ஸிலோ ராணி காமிக்ஸிலோ எழுதியவர் யார், கீறியவர் யார் என்று பார்த்த ஞாபகம் எனக்கில்லை. சிவகாசியிலிருந்து ஒரு புத்தகம், சென்னையிலிருந்து ஒரு புத்தகம், உள்ளே ஒரு வீரன், அவ்வளவுதான். ஆனாலும் ஆள் மாறினால் வாசிகசாலைப் படியில் இருந்த பெடியளுக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

"உது பழைய ஆள் கீறேல்லை மச்சான். கையைப் பார்."

"இவன் ஸ்பைடர் இல்லையடா, ஸ்பைடரின்ர ஒன்றைவிட்ட தம்பி."

அந்தப் 'பழைய ஆள்' ரெஜ் பன் என்று தெரிய எனக்கு நரை விழவேண்டியிருந்தது. 1965 ஜூனில் லண்டன் 'லயன்' வார இதழில் ஸ்பைடர் என்ற வில்லன் நாயகனின் தொடர் தொடங்கியதிலிருந்து கிழமைக்குக் கிழமை கீறியவர் அவர். 'ஒன்றைவிட்ட தம்பி'யும் பொய்யில்லை. அந்த இதழை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனம் 1967, 68 அளவில் விட்ட 'சூப்பர் லைப்ரரி' என்ற பொக்கெட் புத்தகங்களில் ஸ்பைடரை வேறு கைகள் கீறின. அந்தத் தம்பிமாரை அவர்களுடைய ஊரிலேயே பலர் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். எங்கள் படியில் தப்பமாட்டார்கள்.

ஸ்பைடரை முகத்தால் அடையாளம் காண்பவன் அரை ரசிகன். கூர்மண்டை, மேலே இழுத்த புருவம், குத்திட்ட காது எல்லாம் எவரும் பார்த்துக் கீறக்கூடியவை. கொப்பியின் பின்பக்கத்தில் நாங்களே எத்தனையோ கீறினோம். பன்னை விரல்களில்தான் பிடிக்கவேண்டும். அந்த விரல்கள் எதையும் சும்மா பிடிப்பதில்லை. வலைத்துப்பாக்கியைப் பிடித்தாலும் சரி, கதிரைக் கையில் கிடந்தாலும் சரி, மூட்டுக்கு மூட்டு மடிந்து, நுனி சற்றே தூக்கி, அடுத்த நொடி என்ன செய்வதென்று அவை மட்டும் முடிவெடுத்துவிட்ட மாதிரி இருக்கும். கூட்டாளிகளான பெல்ஹாமும் ஆர்டினியும் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு பலூன் பெல்ஹாமுக்கு, பார்வை ஸ்பைடரின் விரலுக்கு.

பிறகு அந்தக் கோடு. கறுப்பு வேண்டுமென்றால் தூரிகையால் அப்பிவிட்டுப் போகலாம்; அது இலேசு. பன் பல இடத்தில் அப்பமாட்டார், அடுக்குவார். மெல்லிய பேனைக்கோடுகளை ஒரு பக்கம் சாய்த்து இழுத்து, அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை, தேவையென்றால் இன்னும் ஒன்று. கோட்டையின் கல்லுக்கு ஒரு கறுப்பு, இரவு வானத்துக்கு இன்னொரு கறுப்பு, ஸ்பைடரின் உடைக்கு மூன்றாவது கறுப்பு. மூன்றும் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று தின்னாமல் நிற்கும். உடையில் மட்டும் கோடு உடம்பின் வளைவோடு ஓடும். அதனால்தான் அந்த மனிதன் மெலிந்தவனாக இருந்தும் பலசாலி என்று நம்பினோம். ஸ்பைடருக்கு முன் இவர் ராபின் ஹூட் கீறியவர் என்று பிற்பாடு அறிந்தபோது எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கோட்டைச் சுவரில் கயிற்றில் தொங்கும் ஆளைக் கீறிப் பழகிய கை அது. நியூயோர்க் மாடியொன்றில் ஸ்பைடர் தன் வலையில் தொங்கும்போது பாரம் சரியாக இறங்கும். தோள் ஒரு பக்கம் உயர்ந்து, இடுப்பு மறுபக்கம் விழும். இன்று எத்தனை பேர் இதைக் கவனித்துக் கீறுகிறார்கள்? சுவரில் ஒட்டிய ஸ்டிக்கராகத் தொங்குகிற வீரர்கள்தான் மிச்சம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வார இதழ் ஸ்பைடரில் கீறுபவர் மாறாமல் எழுதுபவர் மாறினார். முதலிரண்டு கதைகளை எழுதியவர் டெட் கோவன். அவருடைய ஸ்பைடர் சுத்த வில்லன். உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் தான்தான் ராசா என்ற திமிரோடு பூட்டுடைப்பவன் ஒருவனையும் விஞ்ஞானி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு கொள்ளையடிக்கப் புறப்பட்டவன். துப்பறிபவர்களான கில்மோரும் ட்ராஸ்கும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருவார்கள். மூன்றாவது கதையிலிருந்து எழுதியவர் ஜெரி சீகல். ஆம், 1938 இல் ஜோ ஷுஸ்டரோடு சூப்பர்மேனைக் கொண்டுவந்த அதே சீகல். அவர் கைக்குப் போனதும் நகைக்கடையும் வங்கியும் போதாமல் போயின. மந்திர பூதம், இயந்திர மனிதர்களின் சக்கரவர்த்தி, ஏழு வில்லன்கள் சேர்ந்த கூட்டணி என்று எதிரிகள் வந்து குவிந்தார்கள். அவர்களை அடக்கப் போய் ஸ்பைடர் தானறியாமல் நல்லவனானான். அமெரிக்காவில் பேட்மேன் ரி.வி. தொடர் பித்துப் பிடித்திருந்த காலம் அது. லண்டன் ஆசிரியர்களுக்கும் அந்தச் சுரம். தங்கள் இன்னொரு வீரனான இரும்புக்கை மாயாவிக்கே கொஞ்சக் காலம் சூப்பர் ஹீரோ உடை மாட்டிவிட்டார்கள்!

தமிழில் இவை அதே வரிசையில் வரவில்லை. எங்களுக்குக் குழப்பம் என்றால் அப்படியொரு குழப்பம். ஒரு மாதம் ஸ்பைடர் உலகத்தைக் காப்பாற்றுவான், அடுத்த மாதம் கொள்ளையடிப்பான். படியில் இரண்டு கட்சியாயிற்று. ஒரு சாரார், அவன் திருந்தி மறுபடி கெட்டுப்போனான் என்று சமாதானம் சொன்னார்கள். மற்றவர்கள், 'கதைக்காரன் மாறிட்டான்' என்று அடித்துச் சொன்னார்கள். கதைக்காரன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதற்கே எங்களிடம் ஆதாரம் இல்லை, ஊகம்தான். அந்த ஊகத்தை இன்றைய விமர்சனம் எதையும்விட நான் மதிக்கிறேன்.

சீகல் கெடுத்துவிட்டார் என்று சொல்லும் ரசிகர்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் கண்டிருக்கிறேன். காதில் பூச்சுற்றல் என்பது அவர்களின் பிடித்தமான சொல். பூ சுற்றினார்தான், மறுக்கவில்லை. கோவன் கட்டிய திமிரான மனிதனை சீகல் சர்க்கஸ் கூடாரத்துக்குள் கொண்டுபோய் விட்டார். ஆனால் பன்னைப் பாருங்கள். எழுதியவர் சிரித்துக்கொண்டு எழுதினாலும் கீறியவர் சிரிக்கவில்லை. பூதத்தையும் அவர் கோட்டைச் சுவரைக் கீறிய அதே பொறுமையோடு, அதே குறுக்குக் கோட்டில், ஒரு கண்சிமிட்டல்கூட இல்லாமல் கீறினார். அந்தப் பேனை நம்பியதால் நாங்களும் நம்பினோம். புது எழுத்தாளரை ஒரு கதை தாங்கும். கை மாறினால்தான் ஆள் மாறுகிறான்.

இதற்கு இன்னொரு காமிக்ஸ் நாயகியான மாடஸ்தியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1984 ஜூலையில் சிவகாசி லயனின் முதல் இதழே மாடஸ்திதான். பீட்டர் ஓடொனல் 1963 இலிருந்து 2001 வரை அந்தத் தொடரை வேறொருவரிடம் கொடுக்கவில்லை. எழுத்து ஒன்று, ஆனால் கீறியவர்கள் ஐவர் என்பதால் மாடஸ்தி ஐந்து பெண்கள். ஜிம் ஹோல்டவே 1970 இல் ஒரு கதையின் நடுவில் இறந்துபோக, பார்சிலோனாக்காரர் ரொமேரோ அதே கதையைப் பிடித்து முடித்தார். அந்தக் கதையில் ஒட்டு விழுந்த இடத்தைக் கண்ணால் காணலாம். அதுவரை யோசித்துக்கொண்டிருந்த பெண், அதற்குப் பிறகு அழகாக இருக்கிறாள். ரொமேரோ ரசிகர்கள் என்னைத் திட்டுவார்கள். தமிழில் அவர்கள்தான் பெரும்பான்மை. இளவரசி என்று அவர்கள் உருகுவது ரொமேரோவின் பெண்ணைப் பார்த்துத்தான். இடையில் கீறிய நெவில் கோல்வினின் கிறுக்கலான மாடஸ்தியை அவர்கள் சபிக்கும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். எனக்கென்றால் ஹோல்டவேக்கு அடுத்தது கோல்வின்தான்.

இரும்புக்கை மாயாவி பக்தர்களோடும் எனக்கொரு பழைய வழக்கு உண்டு. அவரைக் கீறிய ஹேசுஸ் பிளாஸ்கோ பெரிய கலைஞன், சந்தேகமேயில்லை. வெறும் இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும் பெட்டிகளில் ஆளே இல்லாத இடத்தில் ஓர் ஆளை உணரவைத்தவர். கென் புல்மரிடமிருந்து டொம் டுல்லிக்குக் கதை கைமாறியபோதும் அவர் தூரிகை தளரவில்லை. ஆனால் அவருடைய நிழல்கள் எனக்கு மிக நேர்த்தி. பன்னிடம் இருக்கும் கீறல் அங்கே இல்லை. தொண்ணூறுகளில் இந்த வழக்கு தானாகவே என் பக்கம் சாய்ந்தது என்று நண்பர்களைச் சீண்டுவேன். மின்சாரம் பாய்ந்தால்தானே உங்கள் மாயாவி மறைவார்? அப்போது போரால் குடாநாடு முழுக்கக் கரண்ட் இல்லை. ஆள் எப்போதும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.

ராணி காமிக்ஸ் மாயாவியைப் பற்றி, அதாவது முகமூடி வீரரைப் (ஃபாண்டம்) பற்றி, ஒரு வரி போதும். அவரைக் கீறியவர்களில் சை பேரியின் காடு அழகு. அதற்கு முன் கீறிய வில்சன் மெக்காயின் சப்பை மூக்கு மனிதர்களைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் லீ ஃபாக்கின் கதை எவ்வளவு வேகமாக அங்கே ஓடியது என்று திரும்பப் பார்க்கட்டும்.

1990 க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்துக்கு எந்தக் காமிக்ஸும் வரவில்லை. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இந்தியச் சஞ்சிகைகளை நிறுத்தியபோது வீரகேசரிப் பிரசுரங்களாவது நாவல்களோடு முளைத்தன. இந்த முறை அதற்கும் வழியில்லை. யாழ்தேவி ரயில் நின்றது, பாதை அடைபட்டது, பத்திரிகையே கொப்பித்தாளில் அச்சாகியது. இருந்த புத்தகங்கள்தான் சுற்றின. அட்டை போய், சாக்கு ஊசியால் தைத்து, மண்ணெண்ணெய்ப் புகை ஏறி, கடைசியில் முடிவுப் பக்கமும் போய். ஸ்பைடரைத் தொட்டியில் தள்ளிவிட்டுத் தண்ணீரைத் திறந்த இடத்தோடு ஒரு கதை நின்றுவிட்டது. மிச்சத்தை நாங்களே செய்தோம். ஒருத்தன் கதை சொன்னான், ஒருத்தன் பாவித்த கொப்பியின் எழுதாத பக்கங்களில் பென்சிலால் கீறினான். எங்களூரின் முதற் 'புதுக் கூட்டணி' அதுதான் என்று நினைக்கிறேன். வாசகர் எதிர்வினையும் உடனே கிடைத்தது. 'விரல் பிழை' என்று படியிலிருந்து ஒரு குரல். கீறியவன் அழித்துத் திரும்பக் கீறினான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஸ்பைடர் எப்படித் தப்பினான் என்பதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. வலைத்துப்பாக்கியைப் பிடித்த விதத்தில்தான் ஆட்சேபம். அந்தக் கொப்பி 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கோ போய்விட்டது. பெரிய இழப்பு என்று சொல்லமாட்டேன். படம் உண்மையிலேயே மோசம்.

சீகலின் கதை பிற்பாடு தெரிந்தபோதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது. சூப்பர்மேனை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தவர் அவரும் ஷுஸ்டரும். உரிமை கேட்டு வழக்காடி, தோற்று, இருந்த வேலையையும் இழந்து, அறுபதுகளில் கடல் கடந்த ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்குப் பெயரில்லாமல் எழுதினார். 1975 இல்தான் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும், சூப்பர்மேன் மேல் தங்கள் பெயரும் இருவருக்கும் திரும்பக் கிடைத்தன. அதற்கு நான்கு ஆண்டு முன்பே ரெஜ் பன் காலமாகிவிட்டார். பெயரை அழித்த ஒரு தொழிலில் அழிந்த பெயர்கள் இரண்டு சேர்ந்து செய்த ஸ்பைடர், மறுபடி பெயரில்லாமல் தமிழுக்கு வந்து, கடல் தாண்டி எங்களிடம் சேர்ந்தான். ஆகவே இன்று உள்பக்கத்தில் பெயர் போடுவதை நான் குறை சொல்லவில்லை. போடவேண்டும், பெரிதாகவே போடவேண்டும். பெயரை வாசித்த பிறகு கண்ணையும் திறவுங்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

புதியவர்கள் ஸ்பைடரைத் தொட்டுப் பார்க்காமலில்லை. 2005 இல் 'அல்பியன்' என்று ஆறு இதழ்த் தொடர் ஒன்று வந்தது. கதைத் திட்டம் அலன் மூர், எழுத்து அவர் மகள் லியாவும் ஜோன் ரெப்பியனும், படம் ஷேன் ஓக்லி. மாயாவி, சட்டித்தலையன் ஆர்ச்சி, ஸ்பைடர் எல்லோரும் உண்டு. ஓக்லியின் ஸ்பைடர் மொத்தக் கறுப்பும் கூர் மூலைகளும். பயமுறுத்துகிறான், அது சரிதான். ஆனால் அவனுக்குத் திமிர் இல்லை. தன்னைப் பார்த்துத் தானே வியக்கும் அந்தப் பழைய அசட்டுப் பெருமை இல்லாத ஸ்பைடர் எனக்கு வேண்டாம். 2016 இல் பழைய ஃப்ளீட்வே சரக்கை ரெபெலியன் நிறுவனம் வாங்கியதிலிருந்து மறுபதிப்புகள் சுத்தமாக வருகின்றன. அவற்றில்தான் பன்னின் கோடுகளை நான் முதன்முறை முழு அளவில் பார்த்தேன். பொக்கெட் அளவில் கறுப்புத் திட்டாகப் பார்த்துப் பழகிய இடத்திலெல்லாம் தனித்தனிக் கோடுகள்.

சிவகாசிக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பைடரை இனியும் போடுவதானால் வர்ணம் வேண்டாம். பன் அடுக்கிய குறுக்குக் கோட்டின்மேல் கணினி நிறத்தை ஊற்றினால் மூன்று கறுப்பும் ஒரு நீலமாகிவிடும். பெட்டிகளை வெட்டி அடுக்காமல் பக்கத்தைப் பக்கமாகப் பெரிய அளவிலேயே விடுங்கள். மினுங்கும் தாளும் வேண்டாம். விலை கூடுமென்றால் கூட்டுங்கள். கொழும்பு வழியாக இங்கே வந்து சேரும்போது எப்படியும் கூடத்தான் போகிறது.