வயல் தெருவான வரலாறு

ஆங்கில நாட்டின் ஊர் வரலாற்றை ஆராய்வோர் முதலில் நாடுவது ‘விக்டோரியா கவுண்டி வரலாறு’ என்னும் பெருந்தொகுப்பையே. சர்ரி கவுண்டியைப் பற்றி 1912-இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் கேம்பர்வெல் இடம் பெற்றுள்ளது. பண்ணை நிலங்கள் எவர் கையினின்று எவர் கைக்கு மாறின, தேவாலயம் எப்போது எழுந்தது, குருவை நியமிக்கும் உரிமை யாருடையது, அறக்கொடைகள் எவை என்பனவெல்லாம் அங்கே முறையாக வகுத்துரைக்கப்பட்டுள்ளன. உழைப்புப் பெரிது, ஐயமில்லை. ஆயினும், 1801-இல் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 1901-இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்தம் தெருக்களைப் பற்றி அத்தொகுதி சொல்வது மிகக் குறைவு. கேம்பர்வெல் 1889-இல் சர்ரியை விட்டு இலண்டன் கவுண்டியில் சேர்ந்துவிட்டது. ‘புறநகர்’ என்னும் பெயரே போலும், வரலாற்றுக்கும் அது புறமாயிற்று!

இக்குறையைத் தீர்த்தவர் லெஸ்டர்ப் பல்கலைக்கழக ஆசிரியர் எச்.ஜே. டயோஸ். கேம்பர்வெல்லின் வளர்ச்சியை ஆராயும் ‘விக்டோரியப் புறநகர்’ என்னும் அவர் நூல் 1961-இல் வெளிவந்தது. அவர் சான்று தேடிய இடங்களே புதியன: வீட்டு வரிப் பதிவேடுகள், குத்தகைப் பத்திரங்கள், கட்டட மேற்பார்வையாளரின் அறிக்கைகள். இவற்றைக் கொண்டு, பெருமுதலாளி ஒருவர் திட்டமிட்டு எழுப்பிய ஊர் அன்று இது என்று காட்டுகிறார். நிலக்கிழார் நிலத்தை நீண்ட குத்தகைக்கு விடுவார். சிறு கொத்தனாரோ தச்சரோ கடன் வாங்கிச் சில வீடுகள் கட்டுவார். அவற்றை விற்ற பணத்தில் அடுத்த வீடுகளுக்குக் கடைகால் தோண்டுவார். 1878 முதல் 1880 வரையிலான மூன்றாண்டுகளில் அங்கே வீடு கட்டிய நானூற்றுக்கு மேற்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டவர் கட்டியவை ஆளுக்கு ஆறு வீடுகளுக்கு மேல் இல்லை. கடன் கிடைப்பது நின்றால் தெருவும் பாதியில் நின்றுவிடும்.

ஒரே ஊரில் பெக்கம் பகுதி நெருக்கமான வீடுகளால் நிறைந்திருக்க, டல்லிச் பகுதி சோலையாகவே நின்றதன் காரணமும் இதனால் விளங்குகிறது. டல்லிச் நிலம் 1619-இல் எட்வர்ட் அலைன் நிறுவிய கல்லூரி அறக்கட்டளைக்கு உரியது. அது கண்டவாறு கட்ட இடங்கொடுக்கவில்லை. தெருவோர மரங்களைக் கொண்டே குடியிருப்போரின் வருவாயை டயோஸ் அளக்கும் இடமும் சுவையானது. செல்வர் வாழும் அகன்ற சாலைகளுக்குப் பெருமரங்கள். நடுத்தரத்தார் தெருக்களுக்குச் சிறு பூமரங்கள். கூலி பெறுவோர் தெருக்களுக்கு வெறும் சரளைக் கல்லே.

இத்துணைச் சிறந்த நூலிலும் ஒரு குறை உண்டு. வீடுகளைக் கட்டியவரை நாம் நெருங்கி அறிகிறோம். அவற்றில் வாடகைக்கு வாழ்ந்தவரைப் பெரும்பாலும் எண்களாகவும் தொழிற்பிரிவுகளாகவுமே காண்கிறோம். பதிவேடுகள் உடையவரையும் வரி செலுத்தியவரையும் குறிப்பன அல்லவா? உள்வாடகைக்கு ஓர் அறையில் ஒதுங்கிய குடும்பமும், வீட்டு வேலைக்கு வந்த நாட்டுப்புறப் பெண்ணும் அவற்றில் அரிதாகவே தோன்றுவர். ஆனால், சுல்தான் தெருவைப் பற்றி எழுதும்போது டயோஸ் இவ்வெல்லையைக் கடக்க முயல்கிறார். புதிதாய்க் கட்டிய அத்தெரு சில ஆண்டுகளிலேயே சேரியாயிற்று. அதற்கு அங்கே வாழ்ந்தோரின் ஒழுக்கத்தைக் குறை கூறாமல், நெரிசலையும் வாடகையையும் நிலையற்ற கூலியையும் காரணமாக நிறுத்துகிறார். நூலின் உயிரான பகுதி அதுவே, இன்னும் நீண்டிருக்கலாம்.