கேஸ் முடிக்க ஓர் ஆள்

வடசென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் லேசில் திறக்காது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகும். பின்னாலேயே விஜயவாடா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ். காத்து நிற்கும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே தண்டவாளத்தில் வடக்கே போய், தெனாலியில் பிரிந்தால் குண்டூர். அங்கே 1983-ல் தமிழ் பேசியதே சிலருக்கு வினையானது.

மு. சந்திரகுமார் கோவையில் ஆட்டோ ஓட்டியவர். பிழைக்கப் போன குண்டூரில், செய்யாத குற்றத்துக்காகப் பிடிபட்டு, அடி வாங்கி, சிறைக்கும் போனவர். அந்த அனுபவம் ‘லாக்கப்’ நாவலானது. அதை வைத்து 2015-ல் வெற்றிமாறன் எடுத்த படம் ‘விசாரணை’.

படத்தில் ஒரு காட்சி. குண்டூருக்குப் பிழைக்க வந்த அப்சல் என்ற இளைஞன் இரவில் தெருவில் வரும்போது போலீஸ் நிறுத்துகிறது. பெயரைக் கேட்டதும் ஒரு தீவிரவாத இயக்கத்தைச் சேர்ந்தவனா என்கிறார்கள். தமிழன் என்றதும் இன்னோர் இயக்கத்தின் பெயர் வருகிறது. பார்ப்பவருக்குச் சிரிப்புதான் முதலில் வரும். ஆனால் திருட்டு கேஸை முடிக்க ஆள் கிடைத்துவிட்டது என்பது அந்த இரண்டு கேள்வியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறகு விழும் அடியெல்லாம் வெறும் கையெழுத்து வாங்கத்தான்.

ஆஸ்திரேலியாவிலும் கணக்கு இதேதான். க்ரெய்க் சில்வியின் ‘ஜாஸ்பர் ஜோன்ஸ்’ (2009) நாவலில், 1965-ன் காரிகன் என்ற கற்பனைச் சுரங்க ஊரில், ஒரு பெண்ணின் சடலத்தைப் பார்க்கிறான் ஜாஸ்பர். பழங்குடி ரத்தம் கலந்தவன் என்பதால் பழி தன் தலையில்தான் விழும் என்று தெரிந்து, போலீஸிடம் போகாமல் நள்ளிரவில் சார்லி என்ற பையனின் ஜன்னலைத் தட்டுகிறான். வியட்நாம் போர் நடக்கும் நேரம் அது. ஊரிலிருக்கும் ஒரே வியட்நாம் குடும்பத்தின் தோட்டத்தை நாசம் செய்கிறார்கள். அந்த வீட்டுப் பையன் ஜெஃப்ரிக்கோ கிரிக்கெட் என்றால் உயிர். சேர்க்காமல் ஒதுக்கிய அணிக்கே கடைசியில் ஆடி வென்று தருகிறான். ஊரின் வெறுப்பைப் பிரசங்கமாகச் சொல்லாமல் ஜன்னலிலும் மைதானத்திலும் காட்டியதுதான் சில்வியின் கைத்திறன்.

வெற்றிமாறன் ஒரு படி மேலே போகிறார். குண்டூர் நீதிமன்றத்தில் முத்துவேல் என்ற தமிழ்நாட்டு போலீஸ்காரர் மொழிபெயர்க்க, அப்சலும், அவனோடு பிடிபட்ட பாண்டி முதலிய நண்பர்களும் விடுதலையாகிறார்கள். பூட்டும் மொழிதான், சாவியும் மொழிதான் என்று நிம்மதி வருகிறது. நாவலில் இல்லாத பிற்பாதி அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டு ஸ்டேஷனில், காதில் விழக்கூடாதது விழுந்துவிட்டதென்று, தமிழ் பேசும் போலீஸே அங்கே வந்தவர்களைத் தீர்த்துக்கட்டுகிறது.

மொழி ஒரு சாக்குதான்; கேட்க நாதியில்லாதவன் எவனோ அவன்தான் வேண்டும். இது வடசென்னைக்குத் தெரியாத சங்கதியில்லை. சினிமாவில் ரவுடி வாயைத் திறந்தால் வருவது இந்தப் பக்கத்துத் தமிழ். வேலை கேட்டுப் போனால் ஆளுக்கு முன்னால் விலாசம் போய் நிற்கும். அந்த வழக்கத்தை உடைத்து, வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பையன்களை ஆளாகக் காட்டியது பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014).

‘விசாரணை’ சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. அதை ஏற்கெனவே பார்த்தவர்களும் ‘லாக்கப்’பைப் படித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பிற்பாதியில் வெற்றிமாறன் எதைச் சேர்த்தார், ஏன் சேர்த்தார் என்பது அப்போதுதான் பிடிபடும்.