அடையாளம் தீட்டிய தூரிகைகள்: யூதக் கலைக்கூடங்களில் புலம்பெயர்வு

ஒரு சமூகத்தினர் எப்போது, எங்கிருந்து, எங்கே போனார்கள் என்பதை ஆவணக் காப்பகம் சொல்லிவிடும். போன இடத்தில் தங்களை யாராக உணர்ந்தார்கள் என்பதை அறியக் கலை வேண்டும். ஐரோப்பாவின் மூன்று யூதக் கலைச் சேகரிப்புகள் அதை மூன்று வகையில் காட்டுகின்றன.

முதலாவது, லண்டனின் பென் ஊரி. 1881க்குப் பின் ரஷ்யப் பேரரசில் மூண்ட யூத எதிர்ப்புக் கலவரங்களிலிருந்து தப்பிவந்த பலர், லண்டனின் கிழக்குப் பகுதியில் தையல் வேலை செய்து பிழைத்தனர். அவர்களிடையே, வைட்சேப்பலில், 1915இல் லாசர் பெர்சன் தொடங்கிய அமைப்பு இது. இதன் சேகரிப்பிலுள்ள ஓவியர்கள் டேவிட் பாம்பெர்க்கும் மார்க் கெர்ட்லரும் குடியேறிகளின் பிள்ளைகள்; யூதக் கல்வி உதவிச் சங்கத்தின் பணத்தில் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்றவர்கள். பாம்பெர்க்கின் 'கெட்டோ தியேட்டர்' (1920) ஓவியத்தில் நாடகமேடை இல்லை. தடுப்புக் கம்பிக்குப் பின்னே நெருக்கியடித்த பார்வையாளர்களே இருக்கிறார்கள். ஆங்கிலேயப் பள்ளியில் பழகிய நவீன பாணி, வைட்சேப்பலின் முகங்கள். அடையாளம் ஊரிலிருந்து கட்டி எடுத்துவந்த மூட்டையாக இல்லாமல், வந்த இடத்தில் புதிதாக உருவாவதை இந்த ஓவியம் காட்டுகிறது.

இரண்டாவது, ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் 1998இல் திறக்கப்பட்ட, கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த ஃபெலிக்ஸ் நுஸ்பவும் இல்லம். பெல்ஜியத்தில் ஒளிந்து வாழ்ந்த ஓவியர் நுஸ்பவும், 1943இல் தன்னையே வரைந்தார்: உயர்ந்த சுவர் முதுகுக்குப் பின்னே, கோட்டில் மஞ்சள் நட்சத்திரம், கையில் யூதர் என முத்திரையிட்ட அடையாள அட்டை. இங்கே அடையாளத்தை அரசே எழுதித் தருகிறது; அதை ஏந்திய மனிதர் நம்மை நேராகப் பார்க்கிறார். அடுத்த ஆண்டு அவர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்றாவது, ஆம்ஸ்டர்டம் யூத அருங்காட்சியகத்தில் உள்ள ஷார்லட் சாலமனின் படைப்பு. பெர்லினிலிருந்து தெற்கு பிரான்ஸுக்குத் தப்பிய அவர், 1940-42இல் எழுநூற்றுக்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்களில், எழுத்தும் இசைக் குறிப்பும் சேர்த்து, தன் குடும்பக் கதையைச் சொன்னார். 1943இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 26; கருவுற்றிருந்தார். அகதியாக்கப்பட்ட பெண் தன் வாழ்வைத் தானே தொகுத்துவைத்த அரிய ஆவணம் இது.

நுஸ்பவும் இல்லமும் ஆம்ஸ்டர்டமும் அழிக்கப்பட்ட ஒருவரின் குரலை மீட்கின்றன. பென் ஊரியோ, 1900 முதல் பிரிட்டனுக்கு வந்த யூத, அகதி, குடியேறிக் கலைஞர்கள் எல்லோரையும் தன் ஆய்வுக்குள் கொண்டுவந்திருக்கிறது. யூத அடையாளம் நீர்த்துப்போகும் என்ற கவலை எழலாம். அதை நான் ஏற்கவில்லை. துரத்தப்பட்டவர்களின் அனுபவத்தை ஆழ்ந்து அறிந்த நிறுவனமே பிற அகதிகளின் கலையையும் படிக்கத் தகுதியுடையது. ஆனால் 2018இல் சேகரிப்பின் சில படைப்புகளை ஏலத்துக்கு அனுப்பியது சரியல்ல. ஏழைக் குடியேறிகளிடையே முளைத்த சேகரிப்பு அடுத்த தலைமுறைக்கு முழுதாகச் சேர வேண்டும். புதியவர்களுக்குக் கதவைத் திறக்கும் கலைக்கூடம், தொடங்கியவர்களின் ஓவியங்களைக் கைவிடக் கூடாது.