கும்பிடும் கை, குலுக்கும் கை

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் கை, சங்கப் பாடல்களில் கொடுக்கும் கை. அதே மலையின் பாவையைக் குறுந்தொகை 100ஆம் பாடலில் கபிலர் தலைவிக்கு உவமையாக்குகிறார். அங்கே பேசப்படுவதோ மணத்தற்கு அரிய அவள் தோள். 'மணத்தல்' என்றால் தழுவுதல், திருமணமும் அதுவே. இன்றும் ஒருத்தியின் 'கையைப் பிடித்தான்' என்றால் ஒன்று கல்யாணம், இல்லையேல் வம்பு.

கைகுலுக்கலில் கொடையாளியும் இல்லை, உடைமையும் இல்லை. இரு கைகளும் ஒரே உயரத்தில் நிற்கும். ஆண்கள் தமக்குள் கைகுலுக்கிவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெண்ணைக் கும்பிடுவதை மரியாதை என்கிறோம். கொல்லிப்பாவை இன்று எட்டுக்கை அம்மன், தெய்வத்தைக் கும்பிடலாம். உடன் உழைப்பவளைக் கும்பிட்டு ஒதுக்குவது மரியாதையாகாது. குலுக்குவதா, கும்பிடுவதா என்பதை அவள் கையே முடிவு செய்யட்டும்.