வாழ்த்தும் உரையும்: யூத விவிலிய உரைகளும் மட்டக்களப்புக் கண்ணகி வழிபாடும்

மழை பொழிக, விளைவு பெருகுக, மணமக்கள் மக்கட்பேறு பெறுக என்னும் வாழ்த்துக்கள் வேளாண்மைச் சமுதாயங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. இவற்றின் தோற்றத்தை உழைப்போடு இணைத்து விளக்கும் ஆய்வுமுறை நமக்குப் புதியதன்று. ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க இலக்கியத்திற் கையாண்ட அணுகுமுறையை அவரது மாணாக்கரான க. கைலாசபதி தமிழுக்குக் கொணர்ந்தார். 1966இல் வெளிவந்த ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ அவ்வழியில் ஒரு முக்கிய நூல். எனினும், தோற்றத்தை விளக்கியதும் ஆய்வு முற்றுப்பெற்றதெனக் கருதும் போக்கு அவருக்குப் பின்வந்தோர் பலரிடம் காணப்படுகின்றது. விளைவு பெருகினால் அது யாருடைய விளைவு, பெருகுவதற்கான விலையை யார் கொடுத்தனர் என்ற வினாக்கள் அப்போக்கிலே கேட்கப்படாமற் போயின.

இவ்வினாக்களை நாம் எதிர்பாராத ஓரிடத்திலே, யூத சமய அறிஞரின் விவிலிய உரைகளிலே, காண்கிறோம். எண்ணாகமத்தில் வரும் குருமாரின் ஆசி, இறைவன் ஆசீர்வதித்துக் காக்கவேண்டும் என்று பொதுப்படக் கூறுவது. பிரான்சில் வாழ்ந்த ராஷி (1040-1105) இதற்கு எழுதிய உரை ஆன்மிக விளக்கம் எதனையும் நாடவில்லை. ஆசீர்வதித்தல் என்பது உடைமை பெருகுதல். காத்தல் என்பது அவ்வுடைமையைக் கள்வர் கவராதிருத்தல். ஊழியனுக்குப் பரிசு கொடுத்த எசமானால் அதனை எல்லாரிடமிருந்தும் காத்துக்கொடுக்க இயலாது. கொடுப்பதும் காப்பதும் இறைவன் ஒருவனாலேயே இயலும் என்பது அவர் கருத்து. உடைமையும் அச்சமும் உடன்பிறந்தவை என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் சமய உரை அரிது.

மழை பற்றிய உரைகள் இதனினும் சுவையானவை. உரிய காலத்தில் மழை தருவேன் என்ற லேவியராகமத் தொடருக்கு, மக்கள் வெளியிற் செல்லாத வேளையில், ஓய்வுநாள் இரவு போன்ற வேளையில், பெய்யும் மழை எனப் பழைய மரபையொட்டி ராஷி பொருள் காண்கிறார். ஏரோது ஆலயத்தைக் கட்டுவித்த காலத்திலே இரவில் மழை பெய்து காலையில் முகில் கலைந்தது, மக்கள் வேலைக்குச் சென்றனர் என்று தல்மூத் கூறுகின்றது. பகலில் மழை பெய்தால் வேலை நின்றுவிடும். வானத்தின் அருளை வேலைநாளைக் கொண்டு அளந்த நோக்கு இது.

தானியத்தைச் சேர்த்துக்கொள்வாய் என்ற உபாகம வாக்குறுதி தல்மூதில் ஒரு விவாதத்தையே எழுப்பியது. மனிதன் உழவும் விதைக்கவும் அறுக்கவும் நின்றால் வேதத்தை எப்போது கற்பது என்று கேட்டார் சிமியோன் பார் யோகாய்; மக்கள் இறைவனின் விருப்பப்படி ஒழுகும்போது அவர்களின் வேலையைப் பிறர் செய்வர் என்றார். இஸ்மவேல் என்ற அறிஞர் கல்வியோடு தொழிலையும் சேர்த்து நடத்துமாறு கூறினார். இஸ்மவேலைப் பின்பற்றியோர் பலர் வெற்றிபெற்றனர், மற்றவரைப் பின்பற்றியோர் பலர் தோல்வியுற்றனர் என்பது பிற்கால அறிஞர் அபாயேயின் முடிவு. பிறர் உழைப்பில் வாழ்வதே ஆசியின் உச்சம் என்ற கருத்துநிலை இங்கு மறைப்பின்றி வெளிப்பட்டு, அதே ஏட்டில் மறுப்பையும் பெற்றுவிடுகின்றது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் நமக்குப் பாடம் உண்டு. இவ்வகை உரை இல்லை. தி. சதாசிவ ஐயரின் வசந்தன் கவித்திரட்டும் (1940), வி. சீ. கந்தையாவின் கண்ணகி வழக்குரைப் பதிப்பும் (1968) மறக்கலாகாத பணிகள். வைகாசியிற் கோயிற் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறுகின்றது. பெரும்போக அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் காலம் அது. தேவியின் சினம் தணிய வேண்டும், நோய் நீங்க வேண்டும், மழை வேண்டும், வயல் விளைய வேண்டும். விளைந்த நெல் எங்கே சென்றது? எழுவான்கரையில் வாழ்ந்து படுவான்கரையில் வயல் வைத்திருந்த போடியாரின் பட்டறைக்கும், அவ்வயலிற் பாடுபட்டவனின் குடிசைக்கும் ஒரே அளவிற் சென்றதன்று. களத்திலே ‘பொலி’ என்று குரலெழுப்பியவன் பொலிந்த நெல்லின் சொந்தக்காரன் அல்லன்.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையிலேயே இதற்கொரு தடயம் உண்டு. பாண்டிநாடு மழையின்றி வறுமையுற்றபோது வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான். பின்பு மழை பெய்தது. கோவலனைக் கொல்லுமாறு ஆணையிட்டவன் அரசன். பழியைச் செலுத்தியது ஒரு கைவினைஞர் கூட்டம். அடுத்து இலங்கைக் கயவாகு கோட்டம் அமைத்தமையும் நாடு விளைவு பெற்றமையும் சொல்லப்படுகின்றன. நம் நாட்டுக் கண்ணகி வழிபாட்டின் தொன்மைக்குச் சான்றாக இரண்டாவதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவோர் முதலாவதைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

காதலும் மக்கட்பேறும் பற்றிய வாழ்த்துக்களுக்கு வருவோம். ரெபெக்காள் மணமகளாய்ப் புறப்படும்போது, ஆயிரமாயிரமாகப் பெருகுவாயாக என வீட்டார் வாழ்த்துகின்றனர். ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட சந்ததி வேறொரு பெண்ணிடமன்றி உன்னிடமே தோன்றுக என்பது அதன் கருத்து என ராஷி விளக்குகிறார். பலதார மணச் சமுதாயத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் அச்சம் அவ்வுரையிலே தங்கியிருக்கின்றது. மட்டக்களப்பில் நிலைமை வேறு. தாய்வழிக் குடிமுறை வழங்கும் இப்பகுதியில் வீடும் வயலும் சீதனமாக மகளைச் சேர்வது வழக்கம். ஆகவே இங்கு மணமகளை வாழ்த்துதல் நிலத்தின் கைமாற்றத்தையும் வாழ்த்துதலாகும். நிலமற்ற குடும்பத்தின் மகளுக்கு அதே வாழ்த்தின் பொருள் என்ன என்பதை நம் நாட்டாரியல் தொகுப்புகள் கேட்டதில்லை.

இன்னொரு முரண்பாடும் உண்டு. முன்னோர் ஏன் முதலில் மகப்பேறின்றியிருந்தனர் என்று தல்மூத் கேட்டு, நல்லோரின் மன்றாட்டை இறைவன் விரும்புகிறான் என விடை தருகின்றது. விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. ஆனால் வினா எழுப்பப்பட்டுவிட்டது. கண்ணகியோ குழந்தை பெறாதவள். கோவலனின் மகள் மணிமேகலை மாதவி வயிற்றிற் பிறந்தவள். அரச தீர்ப்பாற் கணவனை இழந்தவளிடமே பிள்ளை வரமும் மழையும் வேண்டப்படுகின்றன. இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த கணநாத் ஒபயசேகரவின் நூல் (1984) வெளிவந்த காலத்திலேயே கிழக்கிற் போர் மூண்டிருந்தது. 2009இல் அது முடிந்தபோது இவ்வாவிக்கரைக் கிராமங்களிற் கணவரை இழந்த பெண்கள் ஏராளமாயிருந்தனர். அவர்கள் வைகாசியில் நேர்த்தியோடு கண்ணகியின் முன்னே நிற்கின்றனர். அயல்வீட்டுத் திருமணத்தில் மணமக்களை வாழ்த்த முன்வரிசைக்கு அவர்கள் அழைக்கப்படுவது அரிது.