மதிலை இழந்த நகரும் மாந்தர் இல்லாத தெருவும்: லின்னேயஸ் டிரைப்பின் மதுரை ஒளிப்படங்கள் (1858)

முன்னுரை

பழைய மதில்நகர் ஒன்றைப் படமெடுக்க முற்படுபவர் முன் இரண்டு பொருள்கள் நிற்கின்றன. ஒன்று கல், மற்றொன்று அக்கல்லைச் சுற்றி இயங்கும் வாழ்வு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மதுரையில் எடுத்த படங்கள் முதலாவதை வியக்கத்தக்க தெளிவுடன் காட்டுகின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் காட்டவில்லை. அவருடைய படங்கள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரும் கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அயல்நாடுகளில் பிறந்து வளரும் தமிழ்த் தலைமுறைக்கு மதுரை இத்தகைய படங்களின் வழியாக அறிமுகமாவதும் உண்டு. ஆதலின், அவற்றிலுள்ள வெறுமையை எவ்வாறு வாசிப்பது என்பது கலைவரலாற்றுக்கு மட்டும் உரிய வினா அன்று.

மதிலின் சுவடு

டிரைப் மதுரைக்கு வந்தபோது நகரைச் சூழ்ந்திருந்த மதில் வளையம் மறைந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்நிலத்தில் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் எழுந்தன. பின்னவை இரண்டும் அப்பணியில் ஈடுபட்டோர் பெயரையே தாங்கி நிற்கின்றன. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டு இன்று விளக்குத்தூண் என வழங்கும் தூணையும் டிரைப் படமெடுத்துள்ளார். மதிலை அகற்றியவரின் தூண், கோயிலுக்கும் அரண்மனைக்கும் இணையாகத் தொகுப்பில் இடம்பெறுகிறது. எனவே இத்தொகுப்பைப் ‘பழைய மதுரை’ எனக் கொள்வது பொருந்தாது. கும்பினி ஆட்சி அண்மையில் மாற்றியமைத்த மதுரையே இதில் பதிவாகியுள்ளது.

வெறுமையின் காரணம்

படங்களில் மக்கள் இல்லாமைக்குத் தொழில்நுட்பமே காரணம் என்பது வழக்கமான விடை. அவ்விடையில் உண்மை உண்டு. டிரைப் பயன்படுத்திய மெழுகிட்ட காகித நெகட்டிவ் நீண்டநேரம் ஒளியை வேண்டுவது. நடப்பவர் அதில் பதியமாட்டார். பதிந்தாலும் புகைபோலத் தோன்றுவார்.

ஆயின் இவ்விடை முழுமையானதன்று. அக்கால நெகட்டிவில் வானமும் சரிவரப் பதியவில்லை. அக்குறையை டிரைப் அப்படியே விட்டுவிடவில்லை. நெகட்டிவின் மீது வண்ணம் தீட்டி மேகங்களையும், காற்றில் அசைந்து கலங்கிய இலைகளையும் சீர்செய்தார். மனிதரைத் தூரிகையால் வரைந்து சேர்ப்பது வேறு என வாதிடலாம். உண்மைதான், ஆனால் சிலரைச் சற்றுநேரம் அசையாது நிற்கச் சொல்லியிருக்க இயலும். அதே 1858இல் இலக்னோவில் பெலிச்சே பியாட்டோ தம் படங்களில் மாந்தரை நிறுத்திவைத்தார். அவர் சிக்கந்தர் பாகில் எடுத்த படமோ, இறந்தோர் எலும்புகளுக்கிடையே உயிருள்ளோரை நிறுத்தி அமைத்த காட்சி; மனிதர் இருப்பதனாலேயே ஒரு படம் மெய்யாகிவிடாது என்பதையும் அது உணர்த்துகிறது. எனினும் ஒன்று தெளிவு: டிரைப்பின் வானுக்குக் கிடைத்த கவனம் தெருவுக்குக் கிடைக்கவில்லை.

இயக்கத்தால் நிறைவுறும் கட்டடம்

வேறு நகரங்களில் இது சிறு குறையாக இருக்கலாம், மதுரையில் அவ்வாறன்று. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் தெருக்கள் சதுரம் சதுரமாக விரிகின்றன. இந்நகரில் தெருப்பெயர் திருவிழாவின் காலத்தையும் நினைவூட்டுகிறது. தேரும் உலாவும் கூட்டமும் இல்லாத மாசி வீதி, ஓர் அகன்ற வெளி மட்டுமே. தமிழ் இலக்கியமும் இந்நகரை அவ்வாறே கண்டது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி மதிலையும் அகழியையும் சொன்னதோடு அமையாமல், நாளங்காடி, அல்லங்காடி எனப் பகலும் இரவுமாக மாறும் கடைத்தெருவின் இயக்கத்தில் நெடிது நிற்கிறது. நகரின் மாட்சியை மக்கள் வாயிலாக அளக்கும் மரபு அது.

புது மண்டபத்தின் படங்களில் இவ்வேறுபாடு கூர்மையடைகிறது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவிற்காக எழுப்பிய மண்டபம் அது. டிரைப்பின் தலைப்பு அதனைத் ‘திருமலை நாயக்கரின் சாவடி’ என்கிறது. மன்னன் பெயர் நிலைக்க, விழா மறைந்துவிடுகிறது. பிற்காலத்தில் அம்மண்டபம் தையற்காரர், புத்தக வணிகர், வளையல் விற்போர் ஆகியோரின் தொழிலிடமாயிற்று. அண்மையில் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. சிற்பங்களைக் காக்க அது தேவையெனக் கொள்வோர் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் ஆளற்ற தூண்வரிசையே மண்டபத்தின் தூய நிலை என நாம் கருதுவோமாயின், அக்கருத்தை எங்கிருந்து பெற்றோம் என வினவ வேண்டும். நீண்ட ஒளியூட்டலில் மக்கள் கரைந்துபோன படம் ஒரு மரபின் இலக்கணம் ஆகிவிடலாகாது.

முடிவுரை

இவ்விமரிசனம் டிரைப்பின் பணியைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் (1866–1872) சீரமைக்கப்படுவதற்கு முன் நாயக்கர் மகால் எவ்வளவு சிதைந்திருந்தது என்பதற்கு அவர் படங்கள் அரிய சான்று. கல்லின் சான்றாக அவற்றைப் போற்றலாம். நகரின் சான்றாகக் கொள்ளும்போது எச்சரிக்கை வேண்டும். மதுரைக்காஞ்சியும் கோயில் விழா முறைகளும், குடும்பங்கள் கடல்கடந்து எடுத்துச்சென்று பெட்டிகளில் வைத்திருக்கும் திருவிழாப் படங்களும் கடைத்தெருப் படங்களும் அவற்றின் அருகே வைத்து வாசிக்கப்பட வேண்டும். முன்னவை நூலகங்களில் உள்ளன. பின்னவற்றைத் திரட்டி, படத்திலுள்ள தெருவையும் தொழிலையும் விழாவையும் அறிந்த முதியோர் இருக்கும்போதே தமிழில் குறிப்பெழுதி வைப்பது, அயலகத் தமிழாய்வு அமைப்புகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.